தாத்தாவின் 380 இசைத்தட்டுகள்: 96ஆ, 192ஆ? எதில் சேமிப்பது?

சாட்ஸ்வொர்த்_பேரன் | ஞாயிறு, காலை 9.40

அனைவருக்கும் வணக்கம். தாத்தா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சாட்ஸ்வொர்த் வீட்டை விற்பதற்கு முன்பு அவருடைய இசைத்தட்டுகளையெல்லாம் என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எல்பி 140, சிறிய 45 சுற்றுத் தட்டு 50, பழைய 78 சுற்றுத் தட்டு 190. பெரும்பாலானவை நாய்ப் படம் போட்ட இந்தியத் தட்டுகள். 1946இல் இந்தியா நம் தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்துக்கொண்டது அல்லவா? அதற்குப் பிறகு, கரஞ்சா கப்பலில் ஊர் போய்த் திரும்புகிறவர்கள் யாரைக் கண்டாலும் தாத்தா பணம் கொடுத்து அனுப்புவாராம். சேலைகளுக்கு நடுவே சுற்றி இரண்டு, மூன்றாக வந்து சேர்ந்தவை இவை.

சென்ற ஆண்டு பத்துத் தட்டுகளை ஒரு கடையில் கொடுத்துக் கணினிக்கு மாற்றச் சொன்னேன். இரைச்சலை எடுக்கிறேன் என்று நாகஸ்வரத்தின் மூச்சையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். கிணற்றுக்குள் இருந்து ஊதுவதுபோல் கேட்கிறது. அதனால் நானே செய்வதென்று முடிவு செய்துவிட்டேன். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ், அதாவது ஒலியை விநாடிக்கு 1,92,000 முறை அளந்து எழுதும் அளவில் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். அதற்கு 8 டெராபைட் டிஸ்க் வேண்டும் என்று ஒருவர் சொன்னார். அவ்வளவு தேவையா? வழி சொல்லுங்கள்.

லெனேசியா_ஒலிக்கூடம் | ஞாயிறு, காலை 11.15

தம்பி, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு டிஸ்க் வாங்குங்கள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்றால் ஒரு விநாடிக்கு 5,76,000 பைட். நிமிடத்துக்கு ஏறத்தாழ 34.5 மெகாபைட். நாற்பது நிமிட எல்பி ஒன்று 1.4 கிகாபைட்டுக்குள் அடங்கும். உங்கள் 140 எல்பியும் 194 கிகாபைட். 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கம் மூன்றேகால் நிமிடம்தான், எனவே 190 தட்டும் சேர்ந்து 43 கிகாபைட். 45 சுற்றுத் தட்டுகளுக்கு 24 வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 260 கிகாபைட். எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் வைத்தால் இதில் மூன்றில் இரண்டு பங்கு போதும். 192இல் எடுத்தாலும் இரட்டிப்பு, அவ்வளவுதான். 8 டெராபைட் எதற்கும் வேண்டாம்.

உங்களிடம் குறைவாக இருக்கப்போவது நேரம். ஓடும் நேரம் மட்டும் 125 மணி. துடைப்பது, படம் எடுப்பது, எழுதி வைப்பது எல்லாம் அதற்கு மேல்.

24 பிட் ஏன் என்று கேட்பீர்கள். வினைலில் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே உள்ள தூரம் 60, 70 டெசிபல்தான். 16 பிட்டே 96 டெசிபல் தாங்கும். ஆனால் 24 பிட்டில் எடுத்தால் அளவைத் தாழ்த்தி வைத்துப் பதியலாம். உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தொடாமல் இருந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. தவில் திடீரென்று வெடித்தாலும் ஒலி உடையாது. 96 ஏன் என்றால், கீறல் எழுப்பும் சொடுக்குச் சத்தம் காதுக்கு எட்டாத உயரம் வரை போகும். அந்த உயரம் கோப்பில் இருந்தால், எது கீறல், எது மிருதங்கத்தின் சாப்பு என்று மென்பொருள் பிரித்தறிவது எளிது. ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாசா கேட்பதும் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். காப்பகங்கள் பெரும்பாலும் 96இல் நிற்கின்றன.

பழைய_முள் | ஞாயிறு, பிற்பகல் 2.05

பிட்டும் ஹெர்ட்ஸும் பிறகு. முதலில் தட்டைக் கழுவுங்கள். முள் அழுக்கில் ஓடினால் 192 என்ன, 384இல் எடுத்தாலும் அழுக்கைத்தான் எடுப்பீர்கள்.

நாம் இருப்பது டர்பன். கடற்காற்றின் ஈரத்தில் உறைக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கிறது. வினைல் தட்டுக்குக் காய்ச்சி வடித்த நீர், அதில் சிறிது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஒரு துளி மணமில்லாத சோப்பு நீர். மென்மையான தூரிகையால் வரியோடு வரியாகச் சுற்றித் துடைத்து, வெறும் வடிநீரில் அலசி, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். 78 சுற்றுத் தட்டில் ஆல்கஹால் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. அது அரக்கு. ஆல்கஹாலில் அரக்கு கரையும். நான் இளவயதில் இது தெரியாமல் பாகவதர் பாடிய தட்டு ஒன்றைத் துடைத்தேன். துணி பழுப்பு நிறமானபோதுதான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது. இன்றும் அந்தத் துணியின் நிறம் கண்ணில் நிற்கிறது.

இரண்டாவது, முள். எல்பியின் மெல்லிய முள்ளை 78இல் வைத்தால் அது பள்ளத்தின் அடிவரை போய்ப் புழுதியில் உருளும். 78க்கு அகன்ற முள் வேண்டும், 3 மில் அளவு (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95 வகை கார்ட்ரிட்ஜ் (முள்ளைத் தாங்கும் தலை) இருந்தால் எஸ்பி என்ற முள்ளை மட்டும் மாற்றி மாட்டிக்கொள்ளலாம். 78 எல்லாம் மோனோதானே என்று ஒரே சேனலாகப் பதிந்துவிடாதீர்கள். ஸ்டீரியோவாகவே எடுங்கள். பள்ளத்தின் இரு சுவர்களும் ஒரே அளவு தேய்ந்திருப்பதில்லை. பிறகு கேட்டுப் பார்த்து நல்ல சுவரைத் தேர்ந்தெடுக்கலாம்.

பிளேயரின் எர்த் கம்பியை ஆம்பிளிஃபயரில் முடுக்க மறக்கவேண்டாம். விட்டால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் எல்லாப் பாட்டிலும் தம்பூரா போடும். லோட் ஷெடிங் மின்வெட்டு நேரத்தில் மலிவான இன்வெர்ட்டரில் ஓட்டிப் பதியவும் வேண்டாம். அதன் மின் அலை கரடுமுரடானது, நேராக ஒலிக்குள் வரும்.

மாரிட்ஸ்பர்க்_192 | ஞாயிறு, மாலை 6.30

96 போதும் என்று எல்லாரும் சொல்வதை நான் ஏற்கவில்லை. தட்டு ஆண்டுக்கு ஆண்டு கெடுகிறது, டிஸ்க் ஆண்டுக்கு ஆண்டு மலிவாகிறது. இருபது ஆண்டு கழித்துக் கீறலை நீக்கும் கருவி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாது. அன்றைக்கு அதற்கு வேண்டியதை இன்றே கொடுத்து வைப்பதில் என்ன தவறு? ஒன்று மட்டும் கவனியுங்கள்: சாதாரண வேவ் கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்டாது. 24 பிட், 192 என்றால் 62 நிமிடத்தில் நிரம்பிவிடும். பதிவை ஓடவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

லெனேசியா_ஒலிக்கூடம் | ஞாயிறு, இரவு 8.10

அண்ணா, உங்கள் வாதத்தை மதிக்கிறேன். ஆனால் இந்தத் தட்டுகளில் பெரும்பகுதி கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம்மில் ஆயிரக்கணக்கில் அச்சானவை. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இதைவிட நல்ல பிரதி யாரிடமாவது இருக்கும். எந்தத் தட்டு டர்பனில் மட்டும் இருக்கிறதோ, அதற்கு 192 கொடுக்கலாம், நான் தடுக்கமாட்டேன். தம்பி, உங்கள் பெட்டியில் உள்ளூர்த் தட்டு ஏதாவது இருக்கிறதா?

தொங்காட்_டீச்சர் | திங்கள், காலை 6.20

தம்பிக்கு வணக்கம். பள்ளிக்குக் கிளம்பும் முன் எழுதுகிறேன்.

கோப்புக்குப் பெயர் வைப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் கோவில் பஜனைக் குழுவின் நாடாக்களைக் கணினிக்கு ஏற்றியபோது நான் பட்டதைச் சொல்கிறேன். ஆசையாகத் தமிழிலேயே நீளமாகக் கோப்புப் பெயர் வைத்தேன். தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும். பல கணினிகளில் கோப்புப் பெயரின் எல்லை 255 பைட். ஆக 85 குறியீடு தாண்டியதும் நகலெடுக்க மறுத்துவிட்டது. அதைவிடத் தொல்லை, ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு குறியாகவும் இருக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பழைய மேக் கணினி ஒன்று அவற்றைப் பிரித்து எழுதிவிட்டது. ‘கோவிந்தன்’ என்று தேடினால் வரவே இல்லை, கோப்பு கண்முன் இருக்கிறது! இப்போது கோப்புக்கு எண்ணும் பக்கமும் பதிந்த தேதியும் மட்டும். பாட்டு, பாடியவர் எல்லாம் ஃபிளாக்கின் உள்ளே இருக்கும் குறிப்பில் தமிழில் எழுதுகிறேன். அங்கே தமிழ் சிக்கலில்லாமல் நிற்கிறது.

லேபிளில் அச்சிட்டபடியே ஒரு வரி, தமிழில் சரியான பெயர் ஒரு வரி, இரண்டும் வேண்டும். நம் நாட்டில் கவுண்டர் கவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். அச்சிட்ட எழுத்தை நீங்கள் திருத்திவிட்டால் பிறகு அந்தக் குடும்பத்தார் தேடும்போது அகப்படாது. லேபிளையும், லேபிளைச் சுற்றிப் பளபளக்கும் வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்துக் கோப்போடு வையுங்கள்.

உம்லாஸ்_கரை | திங்கள், இரவு 9.00

நான் சேமிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் வீட்டின் பின்சுவர் போய்விட்டது. அப்பாவின் தட்டுகள் அலமாரியோடு சேற்றுக்குள். நான் அவற்றை முன்பே கணினிக்கு மாற்றியிருந்தேன், இரண்டு டிஸ்க்கில் நகலும் இருந்தது. இரண்டு டிஸ்க்கும் அதே அலமாரியின் மேல்தட்டில் இருந்தன. இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

மூன்று பிரதி வையுங்கள். இரண்டு வேறு வகைச் சாதனங்களில் வையுங்கள். ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். உறவினர் வீடு போதும், ஆனால் ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருக்கட்டும். எஸ்எஸ்டியில் போட்டுப் பெட்டியில் பூட்டிவைத்து ஐந்து ஆண்டு மறந்துவிடாதீர்கள். மின்சாரம் படாமல் கிடந்தால் அதில் எழுதியது மங்கக்கூடும். ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் இப்போது டிஸ்க்குகளை வெளியே எடுத்து ஃபிளாக் கோப்புகளைச் சோதனை ஓட்டுகிறேன். ஒவ்வொரு ஃபிளாக் கோப்புக்குள்ளும் ஒலியின் எம்டி5 சரிபார்ப்பு எண் இருக்கிறது. ஒரு பிட் பிறழ்ந்தாலும் காட்டிக்கொடுக்கும்.

சாட்ஸ்வொர்த்_பேரன் | சனி, மாலை 4.50

வாரம் முழுக்கக் கழுவினேன். 62 தட்டு முடிந்தது. உம்லாஸ் அண்ணா, உங்கள் பதிவைப் படித்த அன்றே ஒரு டிஸ்க்கை பினோனியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டேன்.

லெனேசியா ஐயா கேட்ட கேள்விக்கு இன்று விடை கிடைத்தது. 78 சுற்றுத் தட்டுப் பெட்டியின் அடியில், பழைய செய்தித்தாளில் சுற்றி ஒரு தட்டு. மற்றவற்றைவிட வளைந்து கொடுக்கிறது. விளிம்பில் கறுப்புப் பூச்சு உரிந்த இடத்தில் வெள்ளி நிற உலோகம் தெரிகிறது. நடுத்துளையைச் சுற்றி இன்னும் மூன்று சிறு துளைகள். அச்சிட்ட லேபிள் இல்லை. வெள்ளைத் தாளில் தாத்தாவின் கையெழுத்தில் ‘கூத்து, சிந்து’ என்று மட்டும் மையால் எழுதியிருக்கிறது. மேற்பரப்பு முழுவதும் வெண்ணிறப் பொடி படர்ந்திருக்கிறது. பூஞ்சைதானே? வினைலுக்குச் சொன்ன கலவையால் துடைக்கலாமா?

பழைய_முள் | சனி, மாலை 5.02

துடைக்காதீர்கள்! எதையும் ஊற்றாதீர்கள், பிளேயரிலும் வைக்காதீர்கள். நான் சொல்லும்வரை பொறுங்கள் தம்பி.

லெனேசியா_ஒலிக்கூடம் | சனி, மாலை 5.40

அது லாக்கர் தட்டு, சிலர் அசிட்டேட் என்பார்கள். அலுமினியத் தகட்டின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. ஒலிக்கூடத்தில் பாடும்போதே நேராக வெட்டி எடுத்தது. அச்சடித்த தட்டு அல்ல. உலகத்தில் அந்த ஒன்று மட்டும் இருக்கலாம். வெள்ளைப் பொடி பூஞ்சை அல்ல. பூச்சை இளக்கமாக வைத்திருக்கச் சேர்த்த விளக்கெண்ணெய் சிதைந்து கொழுப்பு அமிலமாக மேலே வந்திருக்கிறது. எண்ணெய் போகப் போகப் பூச்சு சுருங்கும், ஒருநாள் பாளம் பாளமாக வெடித்து உரியும். அதன் பிறகு எந்தக் கருவியாலும் பாட முடியாது. மென்மையான பூச்சு என்பதால் முள் ஓடும் ஒவ்வொரு முறையும் தேயும்.

இரண்டு வழி. மக்காண்டாவில் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தோடு இருக்கும் ஆப்பிரிக்க இசைக்கான பன்னாட்டு நூலகம், 1954இல் ஹ்யூ ட்ரேசி தொடங்கியது, இப்படிப்பட்ட தட்டுகளைக் கையாண்ட அனுபவம் உள்ள இடம். அங்கே எழுதிக் கேட்கலாம். அல்லது விரிசல் எதுவும் இல்லையென்றால் நீங்களே ஒரே ஒரு முறை ஓட்டிப் பதியலாம்.

மாரிட்ஸ்பர்க்_192 | சனி, மாலை 6.15

மக்காண்டாவுக்குக் கூரியரில் போய் வழியில் உடைந்தால்? விரிசல் இல்லையென்றால் வீட்டிலேயே எடுங்கள். இதற்காவது 192 வைப்பீர்களா?

லெனேசியா_ஒலிக்கூடம் | சனி, மாலை 6.30

வைக்கட்டும் அண்ணா. மூன்று நிமிடத்துக்கு 207 மெகாபைட். இதில் சிக்கனம் பார்க்க ஒன்றுமில்லை.

தம்பி, வரிசையாகச் செய்யுங்கள். முதலில் இரு பக்கமும் படம். பிறகு பூப்போன்ற தூரிகையால் மேலாக இருக்கும் பொடியை மட்டும் ஒதுக்குங்கள், அழுத்த வேண்டாம். முள் எந்தப் பக்கமிருந்து தொடங்க வேண்டும் என்று பாருங்கள். இவ்வகைத் தட்டுகளில் சில, உள்ளிருந்து வெளியே ஓடும்படி வெட்டப்பட்டவை. சாய்வான வெளிச்சத்தில் வரிகள் எங்கே வெறுமையாக முடிகின்றன என்று தேடினால் தெரியும். பதிவு அளவை வேறொரு 78 தட்டில் சோதித்துத் தாழ்வாக வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பிளிஃபயரில் இருக்கும் ஆர்ஐஏஏ திருத்தம், தட்டை வெட்டும்போது குறைத்த தாழ்ந்த ஒலியையும் கூட்டிய உயர்ந்த ஒலியையும் சமன்படுத்துவது, 1954இல் வந்த அளவு. உங்கள் தட்டு அதற்கு முந்தையதாக இருக்கலாம். பரவாயில்லை, ஆர்ஐஏஏ வழியாக எடுத்தது என்று குறித்து வைத்தால் பிறகு கணக்கிட்டு மாற்றிக்கொள்ளலாம். முள்ளை இறக்கும் முன்பே பதிவைத் தொடங்கிவிடுங்கள்.

சாட்ஸ்வொர்த்_பேரன் | ஞாயிறு, இரவு 10.20

பதிந்துவிட்டேன். இன்னும் கை நடுக்கம் நிற்கவில்லை.

ஐயா சொன்னது சரி. வெளி விளிம்புக்குச் சற்று உள்ளே வரிகள் ஒரு மெல்லிய சுழியாகப் பிரிந்து ஓடி முடிகின்றன. தொடக்கம் லேபிளை ஒட்டி. வழக்கம்போல விளிம்பில் முள்ளை வைத்திருந்தால் பாட்டின் முடிவைக் கீறியிருப்பேன். அகன்ற முள்ளை உள்ளே இறக்கினேன், அது மெல்ல மெல்ல என்னை நோக்கி வெளியே வந்தது. முதலில் மழை பெய்வதுபோல இரைச்சல். பிறகு யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ஆர்மோனியம் ஒரு சுரம் பிடித்தது. பாட்டு.

தாத்தாவின் குரல். நான் அறிந்த குரல் எண்பது வயதுக் குரல். இது இருபத்தைந்து வயது. கூத்தில் வேடம் கட்டுவார் என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார். தெருக்கூத்தை இங்கே ஆங்கிலத்தில் ‘ஆறடி நடனம்’ என்று சொல்வதையும் சொல்லிச் சிரிப்பார்கள். பாடியும் இருக்கிறார் என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று. பதிந்தவுடன் ஆசையில் ஒரு நகல் எடுத்து, முன்னும் பின்னும் இருந்த இரைச்சலை வெட்டி, கீறல்களை நீக்கித் தங்கைக்கு அனுப்பினேன். சாப்பிட்டுவிட்டு வந்து மூலக்கோப்பை முழுதாகக் கேட்டேன். பாட்டு முடிந்து பதினோரு விநாடி கழித்து, முள் வெளியேறும் முன், ஒரு பெண் குரல் தாழ்ந்து ‘இன்னொரு தரம் பாடுங்கள்’ என்கிறது. நான் வெட்டி எறிந்த பகுதியில்.

தொங்காட்_டீச்சர் | ஞாயிறு, இரவு 10.55

தம்பி, மூலக்கோப்பை இன்றிரவே மூன்று இடத்தில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். அதை இனி யாரும் திறந்து திருத்தக்கூடாது, படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். வெட்டுவதும் துடைப்பதும் நகலில் மட்டும்.

அந்த ஆர்மோனியம் இப்போது யாரிடம் இருக்கிறது?

சாட்ஸ்வொர்த்_பேரன் | திங்கள், காலை 7.30

ஃபீனிக்ஸில் பெரியம்மா வீட்டில் இருக்கிறது டீச்சர். துருத்தி சற்றுக் கிழிந்திருக்கிறது, சுரம் பேசுகிறது. ஏன் கேட்கிறீர்கள்?

தொங்காட்_டீச்சர் | திங்கள், பிற்பகல் 3.10

தட்டை வெட்டிய இயந்திரம் சரியாக 78 சுற்றில்தான் ஓடியது என்பதற்கு என்ன உறுதி? வேகம் பிசகினால் சுருதி பிசகும், குரலின் வயதே மாறிவிடும். பித்தளை நாக்கு அவ்வளவு எளிதில் சுருதி மாறாது. அதே ஆர்மோனியம் தட்டிலும் ஒலிக்கிறதென்றால் அதைவிட நல்ல அளவுகோல் உங்களுக்குக் கிடைக்காது.

பழைய_முள் | திங்கள், மாலை 5.00

டீச்சர் சொன்னதோடு உங்கள் பிளேயரின் வேகத்தையும் பாருங்கள். 77 கோடு போட்ட ஸ்ட்ரோப் தாளை வைத்து, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பழைய குண்டு விளக்கின் கீழே பார்த்தால், கோடுகள் நிற்கும்போது வேகம் 77.92. பல எல்இடி விளக்குகளில் இது தெரியாது.

சாட்ஸ்வொர்த்_பேரன் | ஞாயிறு, மாலை 6.45

இன்று பெரியம்மா வீட்டில் இருந்தோம். டீச்சரும் தொங்காட்டிலிருந்து வந்திருந்தார். பிளேயர் சரியாக ஓடுகிறது, கோடுகள் அசையாமல் நின்றன. ஆனால் கோப்பில் ஆர்மோனியம் பிடிக்கும் முதல் சுரத்தைப் பெட்டியில் தொட்டால் இரண்டும் உரசுகின்றன. கோப்பு கால் கட்டைக்குச் சற்றுக் குறைவாக மேலே நிற்கிறது. நகலின் வேகத்தை 2.6 விழுக்காடு குறைத்தபோது உரசல் அடங்கி இரண்டும் ஒன்றாயின. ஆக வெட்டிய இயந்திரம் 76 சுற்றில் ஓடியிருக்கிறது. குரல் சற்றுக் கனத்தது. பெரியம்மா அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்து, ‘இதுதான் அப்பா’ என்றார்.

கடைசியில் வரும் பெண் குரலை மூன்று முறை கேட்டார். தன் அம்மா இல்லை என்கிறார். சின்ன ஆயாவாக, தாத்தாவின் தங்கையாக இருக்கலாம். குறிப்பில் ‘பெண் குரல், உறுதியாகவில்லை’ என்றே எழுதியிருக்கிறேன்.

மூலக்கோப்பு 24 பிட், 192, இரு சேனல், ஆர்ஐஏஏ வழியாக, 77.92 சுற்றில் எடுத்தது, திருத்தம் இல்லை. கேட்கும் பிரதி தனி, வேகம் மாற்றிய அளவு அதிலேயே இருக்கிறது. ஒன்று என்னிடம், ஒன்று பினோனியில். மூன்றாவதை வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையம் ஏற்குமா என்று நாளை கடிதம் எழுதுகிறேன். தட்டைப் புதிய அமிலமற்ற தாள் உறையில் செங்குத்தாக நிறுத்தியிருக்கிறேன். மீதித் தட்டுகள் இருக்கின்றன, அவற்றுக்கு 96.